அணைக்கும் முன் ஓர் உறுமல்

"சாகப்போற மனுஷன் இப்படிப் பண்ணுவானான்னுதான் எனக்குப் புரியல சார்," என்றார் பஞ்சர் கடைக்காரர்.

அவர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். எதிரே சர்வேயர் நின்றுகொண்டிருந்தார். நிற்கும்போது முதுகு வளையாத மனிதர். விபத்தில் நொறுங்கிய கார்களை அளந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதியவர், இப்போது தனியாகத் துப்பறிகிறார். பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருடைய உதவியாளனுக்கு ஸ்டெப்னி என்று பெயர். உருண்டையாக இருப்பான், எப்போதும் பின்சீட்டில் வருவான், அவசரத்துக்கு உதவுவான்.

"என்ன பண்ணினார்? மறுபடி சொல்லுங்க," என்றார் சர்வேயர்.

"நல்ல மழை. ஷட்டரைப் பாதி இறக்கி விட்டுட்டு உள்ள உட்கார்ந்திருந்தேன். அந்தக் கார் வந்து எதிர்ல ஓரமா நின்னுச்சு. பஞ்சர் போல, கூப்பிடுவாங்கன்னு காது குடுத்துக்கிட்டே இருந்தேன். இன்ஜின் ஓடுது, ஓடுது, ஓடிக்கிட்டே இருக்கு. ஆளு இறங்கல. அப்புறம் ஒரே ஒரு உறுமல். உடனே ஆஃப்."

"உறுமல்னா?"

"ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிச்சு விடுவாங்கல்ல, அது. கொஞ்சம் கழிச்சுக் குனிஞ்சு எட்டிப் பார்த்தேன், ஒரு கறுப்புக் குடை நடந்து போச்சு. குடைக்குக் கீழ ஆம்பளையா பொம்பளையா, தெரியல. மழை விட்டதும் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். ஸ்டியரிங் பின்னாடி சாய்ஞ்சு கிடந்தார்."

"குடையைப் பத்தி போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். மழையில குடை போகாம வேற என்னய்யா போகும்னு இன்ஸ்பெக்டர் கேட்டார்."

"நியாயமான கேள்விதான்," என்றான் ஸ்டெப்னி.

செத்தவர், ஊரின் பெரிய லாரி கம்பெனி முதலாளியின் இளைய மகன். காரில் இருந்த பிளாஸ்க் காப்பியில் விஷம். அந்த பிளாஸ்க்கைத் தினமும் நிரப்பிக் கொடுப்பவள் அவர் மனைவி. காப்பியைக் குடித்துக்கொண்டே ஓட்டினார், நெஞ்சை அடைத்தது, ஓரம் கட்டினார், செத்தார். போலீஸின் கதை அவ்வளவுதான். நாளைக் காலை அவளைக் கைது செய்யப் போகிறார்கள். அவளுடைய சின்னப் பெண்ணை மாமனார் ஏற்கெனவே தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கொலைகாரி கையில் தன் வீட்டுப் பிள்ளை வளரக்கூடாது என்று நாலு பேர் முன்னால் சொன்னார். மருமகள்தான் குற்றவாளி என்று அழுத்தமாக நிரூபிக்க சர்வேயரை நியமித்ததும் அவர்தான்.

திரும்பி நடக்கும்போது சர்வேயர் கேட்டார். "நெஞ்சை அடைக்குது, மூச்சு முட்டுது. நீ என்ன பண்ணுவே?"

"கதவைத் திறந்து கத்துவேன் சார்."

"அவர் இன்ஜினை ஓடவிட்டுட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கார்."

"தன் மூச்சு நிக்கப் போகுது, இன்ஜின் மூச்சு வாங்கட்டும்னு காத்திருந்தாரோ?"

விளையாட்டாகத்தான் சொன்னான். சர்வேயர் நின்றுவிட்டார். "அந்த மாடல் காரை வச்சிருக்கிறவங்க எங்க கூடுவாங்க?"

*

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கார் கழுவும் கடையின் பின்புறத்தில் கூடுவார்கள். அன்று ஞாயிறுதான். எல்லோரிடமும் அதே டர்போ கார், நிறம் மட்டும் வேறு. தங்கள் வண்டியைப் பற்றிப் பேச வேறு யாரும் காது கொடுக்காததால் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். இளைய மகனும் அதில் ஒருவர்.

"வண்டி எப்படி?" என்று ஸ்டெப்னி பொதுவாகக் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

"சீட்டு சொர்க்கம்," என்றார் பல் டாக்டர். "என் கிளினிக் நாற்காலியில யாரும் இவ்வளவு சுகமா சாய்ஞ்சதில்ல."

"அங்க நீங்க பக்கத்துல நிப்பீங்களே டாக்டர்."

கல்யாண போட்டோகிராபர் குறுக்கிட்டார். "பின்சீட்டுல படுத்தா அம்மா மடிதான். ஆனா மேட்டுல மிதிச்சா மொதல்ல ஒண்ணும் வராது. செத்துட்டதோன்னு பயந்து இன்னும் மிதிப்போம். அப்போ பின்னாலேர்ந்து யாரோ எட்டி உதைச்ச மாதிரி பாயும். எங்கம்மா ஏறவே மாட்டேங்கறாங்க."

"நம்பிப் போகலாமா?" என்றார் சர்வேயர்.

கல்லூரி முதல்வரம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். "என் வீட்டுக்காரரைவிட நம்பலாம். இது வருஷத்துக்கு ஒரு தடவைதான் காலை வாருது."

"நெடுந்தூரம் ஓட்டிட்டு வந்து நிறுத்தினா உடனே அணைச்சிடுவீங்களா?"

மூவரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"டர்போன்னு இன்ஜினுக்குக் காத்து ஊதற சக்கரம் ஒண்ணு உள்ள கொதிச்சுக்கிட்டுச் சுத்திக்கிட்டு இருக்கும்," என்று முதல்வரம்மா வகுப்பெடுத்தார். "உடனே அணைச்சா எண்ணெய் போறது நின்னுடும். அப்படியே கருகிடும். அதனால நின்னதும் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு, ஆறவச்சு, அப்புறம்தான் அணைக்கணும். கையேட்டுல அவசியமில்லைன்னு போட்டிருக்கான். நாங்க கேக்கறதில்ல."

"செத்துப்போனவர் ஆறவைப்பாரா?"

"அவரா? இன்ஜினுக்குத் தாலாட்டுப் பாட எனக்கு நேரமில்லைன்னு எங்களைக் கிண்டல் பண்ணுவார். நின்ன மறு நொடி அணைச்சிட்டு இறங்கிடுவார். ஒரு டர்போ அப்படித்தான் கருகிப்போச்சு. அப்பவும் திருந்தல."

சர்வேயரின் கண்கள் சுருங்கின. அப்படியானால் அன்று மழையில் காரை நிறுத்தியது செத்தவர் இல்லை. வேறொரு கை பிணத்தோடு ஓட்டிவந்து, நிறுத்தி, ஆறவைத்து, அணைத்து, பிணத்தை நகர்த்தி உட்காரவைத்துக் குடை பிடித்துப் போயிருக்கிறது.

"அவர் மனைவி?" என்று கேட்டார்.

போட்டோகிராபர் தயங்கினார். "அந்தம்மாதான் வண்டியை சர்வீஸுக்குக் கொண்டு வருவாங்க. பொறுமையா ஆறவச்சுட்டுத்தான் இறங்குவாங்க. புருஷன் கிண்டல் பண்ணினாலும் விடமாட்டாங்க."

ஸ்டெப்னியின் முகம் தொங்கிப்போனது. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துப் பிடித்த கயிறு அவள் கழுத்தில் விழுந்திருந்தது.

சர்வேயர் மட்டும் விடவில்லை. "ஆறவச்சு முடிச்சப்புறம், அணைக்கறதுக்கு முன்னாடி ஒரு உறுமல் விடுவீங்களா?"

பல் டாக்டர் தன் பல்லையே யாரோ பிடுங்கியதுபோல் முகம் சுளித்தார். "எந்த மடையன் அப்படிப் பண்ணுவான்? அவ்வளவு நேரம் ஆறவச்சதே அதுல வீணாப்போயிடும். குளிச்சுட்டு வந்து சேத்துல புரள்ற மாதிரி."

"அந்தம்மா?"

"சத்தியமா மாட்டாங்க."

*

மூத்த மகன் லாரி ஷெட்டில் இருந்தார். அறைக்கு வெளியே அதே மாடல் கார். துளி தூசி இல்லை.

"அப்பா எதையும் ரெண்டாத்தான் வாங்குவார்," என்றார். "சைக்கிள், கைக்கடிகாரம், கார். யாருக்கும் குறை வைக்கக்கூடாதுன்னு."

"வண்டி வசதியா இருக்கா?"

"உட்கார்றதுக்கு நல்லாத்தான் இருக்கு."

"ஓட்டி முடிச்சா ஆறவைப்பீங்களா?"

"ஆறவைக்கிறதுக்கு அது என்ன சோறா? நிறுத்தினா இறங்கிடுவேன். அதெல்லாம் தம்பி கூட்டாளிங்களோட பைத்தியக்காரத்தனம்."

வெளியே வந்ததும் ஸ்டெப்னி முணுமுணுத்தான். "உங்க கேள்விக்கு அவர் பதில் சொல்லும்போது கண்ணு கார் மேல இருந்துச்சு சார். பெத்த பிள்ளையைக் கூட யாரும் அப்படிப் பார்க்கமாட்டாங்க."

"பார்த்தேன்."

*

லாரி முதலாளியான பெரியவரின் வீட்டு வரவேற்பறையில் சுவர் முழுக்க ஒரே ஒரு படம்தான். அவர் சொந்தமாக வாங்கிய முதல் லாரி. மனைவியின் படம்கூட அதற்குக் கீழேதான் மாட்டப்பட்டிருந்தது.

"முடிச்சுட்டீங்களா?" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"ஒரு சந்தேகம். அணைக்கறதுக்கு முன்னாடி ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிக்கிற பழக்கம் உங்க வீட்டுல யாருக்காவது உண்டா?"

அந்த வீட்டில் அதுவரை காணாத ஒன்று நடந்தது. பெரியவர் சிரித்தார்.

"யாருக்காவதா? இந்த வீட்டு ஆம்பளைங்க மூணு பேருக்கும் அதுதான். நான் கத்துக்குடுத்தது. அந்த லாரியை ஒரு உறுமல் விட்டு அணைச்சாத்தான் மறுநாள் மறுக்காமக் கிளம்பும். என் பிள்ளைங்க ரெண்டு பேரும் அதுலதான் ஓட்டப் பழகினாங்க. இன்னிக்கு எந்த வண்டியில ஏறினாலும் கால் தானா மிதிக்கும். அது எங்க ரத்தத்துல ஊறினது."

"உங்க மருமகள்?"

"அவ டிரைவிங் ஸ்கூல்ல கத்துக்கிட்டவ." அந்த வார்த்தையை அவர் துப்பினார்.

ஸ்டெப்னி மனதுக்குள் கணக்குப் போட்டான். ஆறவைத்தது ஒரு பழக்கம். உறுமியது இன்னொரு பழக்கம். மருமகளுக்கு முதலாவது மட்டும் உண்டு. செத்தவருக்கு இரண்டாவது மட்டும். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும். அந்த ஆள் இந்தக் கிழவரின் ரத்தமாகவும் இருக்க வேண்டும். பெரியவர் கார் ஓட்டுவதை நிறுத்தி வருஷக் கணக்காகிறது.

சர்வேயர் அதில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பஞ்சர் கடைக்காரர் இன்ஜின் ஓடியதைக் கேட்டதையும், காரை ஆறவைக்கும் வழக்கத்தையும் மட்டும் விளக்கினார். அன்று மழையில் கேட்ட உறுமலைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"அப்போ அவதான்," என்றார் பெரியவர். "அந்தப் பழக்கம் அவளுக்கு உண்டு. நானே பார்த்திருக்கேன்."

"கண்ணால பார்த்து உறுதி பண்ணிக்கலாமா? நீங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டீங்கன்னு குடும்பத்துக்கு போன் போகட்டும். வர்றவங்க எப்படி வண்டியை நிறுத்தறாங்கன்னு மாடி ஜன்னல்லேர்ந்து நாம பார்ப்போம்."

பெரியவருக்கு அந்த யோசனை பிடித்துப்போனது. அதுதான் பயங்கரம். "பாருங்க, நான் செத்தாலும் அவ இன்ஜினை ஆறவச்சுட்டுத்தான் மாடி ஏறுவா. கல்நெஞ்சக்காரி."

ஸ்டெப்னி டாக்டரின் கம்பவுண்டர் குரலில் இரண்டு பேருக்கு போன் செய்தான். கடைசி மூச்சு என்று சொல்லச் சொன்னது பெரியவர்தான்.

*

மருமகள்தான் முதலில் வந்தாள். புருஷன் பிணமாகச் சாய்ந்திருந்த அதே சீட்டில் உட்கார்ந்து ஓட்டி வந்தாள். போலீஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது, அக்கா வீட்டில் ஒண்டியிருப்பவளுக்கு வேறு வண்டி இல்லை. வாசலில் செருப்பு ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கார்க் கதவு திறந்தே கிடந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

பெரியவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. அவர் எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பது முதுகில் தெரிந்தது.

அவள் மூச்சிரைக்க அறைக்குள் வந்தாள். அவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அவள் அழவில்லை.

"நல்லாத்தான் இருக்கீங்க," என்றாள்.

"எனக்காகவா ஓடி வந்தே?" என்றார் பெரியவர் ஏளனமாக.

"இல்ல மாமா. உங்களுக்கு ஏதாவது ஆனா பாப்பா இந்த வீட்டுல பொணத்தோட தனியா இருப்பாளேன்னு வந்தேன். எங்க அவ?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே பக்கத்து அறைகளைத் தேடிப் போனாள். கீழே வாட்ச்மேன் அவள் காரின் இன்ஜினை அணைத்தார்.

அப்போது கேட்டுக்குள் இன்னொரு கார் நுழைந்தது.

மூத்தவரின் கார். நிதானமாக வந்தது. தம்பி மனைவி திறந்துபோட்ட கதவில் உரசாமல், நிழல் பார்த்து நின்றது. நின்ற பிறகும் இன்ஜின் ஓடியது. உள்ளே அவர் சீட்டைச் சற்றுப் பின்னால் தள்ளிச் சாய்ந்துகொண்டார். ஒரு மஞ்சள் துணியை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார். டாஷ்போர்டைத் துடைத்தார். ஒரு முறை மாடியை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி துடைத்தார்.

"என்ன பண்றான் அவன்?" பெரியவரின் குரல் இறங்கியிருந்தது.

"ஆறவைக்கிறார்."

"நான் கடைசி மூச்சுல இருக்கேன்னு அவனுக்குச் சொன்னீங்களா?"

"நீங்க சொன்ன வார்த்தையையே சொன்னோம்."

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியவரின் விரல்கள் திரைச்சீலையைப் பற்றின. துணி இறுகியது. இத்தனை நேரமும் நிமிர்ந்திருந்த தலை கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்து கண்ணாடியில் முட்டியது.

கீழே ஓர் உறுமல். ஒன்றே ஒன்று. பிறகு அமைதி.

"இது உங்க வீட்டுப் பழக்கம்," என்றார் சர்வேயர். "அன்னிக்கு மழையில ஆறவைக்கிறதும் இந்த உறுமலும் ஒண்ணாக் கேட்டிருக்கு. ஆறவைக்கிறதே இல்லைன்னு காலையில என்கிட்ட சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னார். இவ்வளவு சின்ன விஷயத்துல ஒருத்தர் எதுக்குப் பொய் சொல்லணும்?"

*

மூத்தவர் சோக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்ததும் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அப்பா, ஒண்ணுமில்லையே?"

"ஏன்டா உடனே இறங்கல?"

"டிராஃபிக்கு..."

"வாசல்ல ஏதுடா டிராஃபிக்?"

மூத்தவர் சர்வேயரைப் பார்த்தார். சர்வேயர் சாதாரணமாகப் பேச்சை எடுத்தார். "உங்க தம்பி வண்டி நின்னப்போ, அந்த பஞ்சர் கடைக்காரர் எல்லாத்தையும் பார்த்திருக்கார் சார். கடைக்குள்ளேர்ந்து."

"பொய். அந்தக் கடை ஷட்டர் இறங்கியிருந்துச்சு. உள்ளேர்ந்து எதுவும் தெரி..."

நிறுத்திக்கொண்டார். இந்த முறை ஆறவைக்க அவகாசம் இல்லை.

"உண்மைதான், அவர் யார் முகத்தையும் பார்க்கல," என்றார் சர்வேயர். "ஒரு குடையும், காதுல விழுந்த சத்தமும்தான். ஷட்டர் இறங்கியிருந்ததை நீங்க எங்கேர்ந்து பார்த்தீங்க?"

ஸ்டெப்னி கதவை ஒட்டி நகர்ந்து நின்றான். அவன் உடம்பு முதல் முறையாக நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

மூத்தவர் கதவைப் பார்த்தார், ஸ்டெப்னியைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துப் பேசினார். மற்றவர்கள் அந்த அறையில் இல்லாததுபோல.

"சைக்கிள் ரெண்டு வாங்கினீங்க. கடிகாரம் ரெண்டு. கார் ரெண்டு. முதலாளி நாற்காலி மட்டும் ஒண்ணுதானேப்பா. அதுல அடுத்த மாசம் அவனை உட்காரவைக்கப் போறதா ஊரைக் கூட்டிச் சொன்னீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அதுக்காக, கூடப் பிறந்தவனை..."

"பேசணும்னு கூப்பிட்டேன். அவன் பிளாஸ்க் காப்பியிலேயே கலந்து, என் கையால ஊத்திக் குடுத்தேன். கண்ணு முன்னாடியே போயிட்டான். அண்ணேன்னு ஒரு தடவை கூப்பிட்டான், அவ்வளவுதான்." அவர் குரலில் வருத்தம் இல்லை. அலுப்பு இருந்தது. "இப்போ அதைப் பேசி என்ன ஆகப்போகுது? போலீஸ்காரன் அவளைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கான். அவ வெளியாளு. நம்ம குடும்ப மானம் வீட்டோட நிக்கட்டும். நீங்கதானேப்பா எங்களை அப்படி வளர்த்தீங்க?"

பெரியவர் உடனே மறுக்கவில்லை. அந்த இடைவெளியை அறையில் இருந்த எல்லோரும் கேட்டார்கள்.

அவர் மெல்லச் சர்வேயர் பக்கம் திரும்பினார். "இது இந்த ரூமோட நிக்குமா?"

"நிக்காது."

"நான் உங்களை வச்சது வேற காரியத்துக்கு."

"கொன்னது யாருன்னு கண்டுபிடிக்கத்தான் வச்சீங்க. யாரா இருக்கணும்னு நீங்க முடிவு பண்ணினது உங்க பாடு. மானம்னு நீங்க சொல்றது, அடுத்த வீட்டுப் பொண்ணைத் தூக்குல போட்டாத்தான் நிக்கும்னா, அது நின்னு என்ன, விழுந்து என்ன?"

"இன்ஸ்பெக்டர் கீழ வந்துட்டார் சார்," என்றான் ஸ்டெப்னி. "போன் பண்ணும்போதே அவருக்கும் ஒண்ணு போட்டுட்டேன். கம்பவுண்டர் குரல்லதான். அவர் பாவம், ஆப்பிளோட வந்திருக்கார்."

யாரும் சிரிக்கவில்லை. மூத்தவர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு, அப்பாவைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினார்.

அறை வாசலில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. தோளில் குழந்தை தூக்கக் கலக்கத்தோடு சாய்ந்திருந்தது. பெரியவர் கேட்ட அந்தக் கேள்வியையும் அவள் கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

பெரியவர் எழுந்தார். இரண்டு கைகளையும் நாற்காலியில் ஊன்றி எழ வேண்டியிருந்தது.

"பாப்பாவை விட்டுட்டுப் போம்மா," என்றார். அவளை அவர் அம்மா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. "இந்த வீட்டுக்கு மிச்சம் அவ ஒருத்திதான். ஒரு குறையும் இல்லாம நான் வளர்க்கிறேன்."

அவள் குழந்தையின் தலையைத் தன் கழுத்தோடு அணைத்துக்கொண்டாள்.

"ரெண்டு பேரை வளர்த்தீங்க மாமா. ஒருத்தர் செத்தார், ஒருத்தர் கொன்னார். இவ என்கிட்டயே இருக்கட்டும்."

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.